மாத்திரைப் போத்தலில் ஓர் எழுத்து

காலை எட்டு மணிக்கு, ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அனுப்புகிற படமா அது?

காமினி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நம்ப முடியாமல் திருப்பிப் பார்த்தாள். ஆமாம், கழிப்பறைக் கிண்ணம்தான். உள்ளே பளீரென்று மஞ்சள். மேற்கொண்டு வர்ணனை வேண்டாம். அது அண்ணன் ஹரீஷ் வீட்டுக் கழிப்பறை. கீழே அண்ணி தனுஜா எழுதியிருந்தாள்: “அஞ்சாவது நாள். எங்க வீட்டுக்காரருக்கு விஷம் இறங்குது! யாருக்கெல்லாம் இறங்குது?”

குடும்பக் குழுவில் பதினெட்டுப் பேர். அதில் ஐந்து பேர் பதிலுக்குக் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தார்கள். கழிப்பறையைப் பார்த்துக் கும்பிட்ட வம்சம் பினாங்குத் தீவில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

காமினிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஊராரின் சிறுநீர்க் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவள். சனிக்கிழமையாவது நிம்மதியாகப் பசியாறலாம் என்று பார்த்தால், சொந்த அண்ணனுடையது தேடிக்கொண்டு வருகிறது.

தனுஜா விட்டமின் மாத்திரை விற்க ஆரம்பித்து ஒன்பது மாதமாகிறது. அவளுக்குக் கீழே முப்பது பேர் சேர்ந்ததும், கம்பெனிக்காரர்கள் அவளை ‘டைமண்ட்’ என்று மேடையில் ஏற்றிப் பட்டயமும் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய மாத்திரைக் கூட்டத்துக்கு வர முடியாது என்று சென்ற வாரம் காமினி முகத்துக்கு நேரே சொன்னதில், அண்ணன் தங்கை பேச்சே நின்றுபோயிருந்தது. இருந்தும் குடும்பம் இரண்டாகவில்லை. காரணம், தங்கை ஜெகதீஸ்வரி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ஒன்பதாவது வாரம். கணவனுக்கு மாக் மண்டின் தொழிற்சாலையில் இரவு வேலை என்பதால், அம்மா நவமணியின் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீட்டில் மூன்று வாரமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

காமினி குழுவில் தட்டினாள்: “அது விஷம் இல்ல அண்ணே. பி விட்டமின். தண்ணியில கரையிறது. உடம்பு வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சத்த வெளிய தள்ளுது. மஞ்சளா போறது மாத்திரையேதான்.”

இரண்டு நிமிஷம் கழித்து ஜெகதீஸ்வரியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

“அக்கா, எனக்கு மட்டும் மஞ்சளாவே போகல. மூணு வாரமா சாப்பிடுறேன். என் உடம்புல ஏதும் கோளாறா?”

காமினியின் வாயில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. மஞ்சளாகப் போகவில்லை என்றால் பி இல்லை. அப்படியானால் இவள் விழுங்குவது என்ன?

“என்ன மாத்திரைடி அது?”

“தெரியலக்கா. எண்ணெய் மாதிரி உருண்டையா இருக்கும். அம்மாதான் கையில குடுப்பாங்க.”

காமினி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

* * *

மின்தூக்கியில் யாரோ கொட்டிய மீன் தண்ணீரின் வாடை. அதைத் தாண்டி ஒன்பதாவது மாடியில் இறங்கினால், அம்மாவின் சமையலறையிலிருந்து ஈரல் வறுபடுகிற வாடை. கோழி ஈரல், மிளகு, வெங்காயம். ஜெகதீஸ்வரி நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்து துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“தினமும் ஈரல்கா. பார்த்தாலே வாந்தி வருது.”

“வாந்தி வந்தா வரட்டும், ரத்தம் ஊறணும்ல,” என்றாள் நவமணி, கரண்டியை ஆட்டியபடி. “உன்ன வயித்துல வச்சிருந்தப்ப எனக்கு யாரு ஈரல் வறுத்துக் குடுத்தா? வா காமினி, பசியாறிட்டியா?”

“அந்த மாத்திரைய எடும்மா.”

நவமணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சாமி மேடைக்குப் போனாள். முருகன் படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது போத்தல். குங்குமம் வேறு வைத்திருந்தாள். காலையும் மாலையும் கும்பிட்டுவிட்டு, மகளின் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் போடுவாளாம். அந்த எண்ணெய் வாடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிற ஜெகதீஸ்வரி போத்தலின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

“உங்க அண்ணி எனக்குக் குடுத்ததுதான், கண்ணுக்கு நல்லதுன்னு. நான்தான் படிச்சுப் பார்த்தேன். இது எனக்கில்ல, பிள்ளைத்தாச்சிக்குன்னு தெரிஞ்சிச்சு. அப்படியே ஜெகாவுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்,” என்றாள் நவமணி. குரலில் பெருமை வழிந்தது. “மலாய் படிக்கத் தெரியாதவன்னு என்னைச் சொல்லுவீங்களே. இதோ பாரு, பெருசாப் போட்டிருக்கு. மெங்காண்டோங்!”

நவமணி தாசேக் கெலுகோர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிறகு ஓர் அரசாங்க கிளினிக்கில் பதினெட்டு வருஷம் துப்புரவு வேலை. அங்கே கர்ப்பிணிகள் உட்காரும் இடத்தில் ‘ஈபு மெங்காண்டோங்’ என்று ஒரு பலகை தொங்கும். கர்ப்பமான தாய்மார் என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு முறை அதைத் துடைத்துத் துடைத்தே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்ட சொல் அது. அவள் மலாயில் முதன்முதலாகப் படித்த சொல்லே அதுதான்.

காமினி போத்தலை வாங்கிப் பார்த்தாள். பெரிய எழுத்தில் இருந்தது மெங்காண்டோங் இல்லை. மெங்காண்டோங்கி. கடைசியில் ‘i’ என்று ஒரே ஓர் ஆங்கில எழுத்து கூடுதல். மெங்காண்டோங் என்றால் கர்ப்பம். மெங்காண்டோங்கி என்றால் ‘இதில் அடங்கியது’. அடங்கியது விட்டமின் ஏ. ஒரு குளிகைக்குப் பத்தாயிரம் யூனிட்.

போத்தலின் பின்பக்கம், கடுகு அளவு எழுத்தில், அம்மா சொன்ன அதே சொல்லும் இருந்தது. அதற்கு முன்னால் இருந்தவற்றைச் சேர்த்துப் படித்தால், ‘கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல’.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போதாததற்குத் தினமும் ஒரு தட்டு ஈரல். விட்டமின் ஏ எல்லா உணவையும்விட அதிகமாகக் குடியிருக்கிற இடமே ஈரல்தான்.

அவள் பால்கனிக்குப் போய்த் தன் கூடத்துக்கு வருகிற டாக்டர் ஷரீஃபாவை அழைத்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. உடனே நிறுத்து, ஈரலையும் நிறுத்து, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா என்றார். குழந்தையின் உறுப்புகள் உருவாகிற நேரம் இது. எல்லாருக்கும் கெடுதல் வந்துவிடாது. ஆனால் வராது என்று இப்போது யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. ஐந்தாம் மாதத்தில் விரிவான ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே வந்தபோது அம்மா ஈரலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் காமினி தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“ஜெகா, இனிமே இதத் தொடாத. கிளினிக்ல குடுத்த ஃபோலிக் ஆசிட் மட்டும் போடு. ஈரலும் வேணாம்.”

“ஏன்? சத்துதானே?” என்றாள் நவமணி. “கூடினா என்ன, பிள்ளை கொழுகொழுன்னு பொறக்கும்.”

“எல்லாச் சத்தும் ஒண்ணு இல்லம்மா. சி, பி எல்லாம் தண்ணியோட போயிடும். கொய்யா தின்னாலும் சரி, மாத்திரை தின்னாலும் சரி, மிஞ்சினது வெளிய வந்துடும். ஏ அப்படியில்ல. அது எண்ணெய். இந்தச் சட்டிய வெறும் தண்ணியில கழுவிப் பாரு, போகுதான்னு. அது மாதிரி ஈரல்ல போய் ஒட்டிக்கும். தினமும் போட்டா சேர்ந்துக்கிட்டே போகும்.”

“அப்ப கேரட்டும் பரங்கிக்காயும் தின்னக் கூடாதா?”

“அது தாராளமாத் தின்னலாம். காயில இருக்கறத உடம்பு தனக்கு வேணுங்கற அளவுக்குத்தான் ஏ-வா மாத்திக்கும். ஈரல்லயும் இந்த மாத்திரையிலயும் ஏற்கெனவே ஏ-வாவே இருக்கு.”

ஜெகதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “கிளினிக்ல நர்ஸ் கேட்டாங்கக்கா, வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களான்னு. நான் இல்லன்னுட்டேன். இது மருந்து இல்லையே, விட்டமின்தானேன்னு...” அவள் துப்பட்டாவை மூக்கிலிருந்து இறக்கினாள். “குழந்தைக்கு ஏதாவதா?”

“திங்கக்கிழமை டாக்டரப் பார்ப்போம்.”

“அதான் போத்தல்லயே பிள்ளைத்தாச்சிக்குன்னு போட்டிருக்கே!” என்றாள் நவமணி, கோபமாக.

காமினி போத்தலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். “இது பழைய சரக்கும்மா. கெட்டுப் போச்சு. அண்ணிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வரேன்.” பொய்தான். பதினெட்டு வருஷம் துடைத்துக் கற்ற அந்தச் சொல்லை அம்மாவின் கையிலிருந்து பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

* * *

டத்தோ கெராமாட் சாலையில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடி. அங்கேதான் சனிக்கிழமைக் கூட்டம். ஊதுவத்தி, குளிர்சாதனம், எண்ணெய் சொட்டும் கறிபாப் பலகாரம். சுவர் முழுக்கக் கழிப்பறைப் படங்களை வரிசையாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ‘முதல் நாள்’, ‘மூன்றாம் நாள்’, ‘வெற்றி!’ அதன் கீழே நின்றுகொண்டு மனிதர்கள் கறிபாப் தின்றார்கள்.

“அடடே, நம்ம காமினி! வாங்க வாங்க,” என்று தனுஜா ஓடி வந்தாள். மஞ்சள் பட்டுச் சேலை, மார்பில் வைரம் மாதிரி பிளாஸ்டிக் வில்லை. “ஒரு வழியா வந்துட்டீங்களே. கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு பாருங்க. வெயிலே படாம லேப்புல அடைஞ்சு கிடந்தா விட்டமின் டி எங்கிருந்து வரும்? என்கிட்ட ஒண்ணு இருக்கு...”

“அண்ணி, இதப் படிங்க.”

தனுஜா போத்தலைப் பார்த்தாள். புன்னகை போகவில்லை, கொஞ்சம் சுருங்கியது. காமினியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

“இது அத்தைக்குக் குடுத்தது. ஜெகாவுக்குக் குடுங்கன்னு நான் சொல்லவே இல்ல.”

“ஆனா குடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்லா.” தனுஜா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “போன் பண்ணிச் சொன்னாங்க. மெங்காண்டோங்னு போட்டிருக்குன்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க தெரியுமா? வயசானவங்க. நீங்க தப்பாப் படிச்சிட்டீங்க அத்தைன்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படும்ல.”

“மனசு கஷ்டப்படுமா? ஜெகா வயித்துல ஒரு உயிர் இருக்கு அண்ணி! ஆறு வருஷம் காத்துக்கிட்டிருந்தா. அவகிட்டத் தனியா ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிருக்கும்?”

“கூட்டம் நடக்கற இடத்துல காச்சாவ் பண்ணாதீங்க காமினி. எல்லாம் இயற்கைதான். இயற்கையில எது கெடுதல்?”

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. யாரோ ஒருத்தியின் கைப்பேசியிலிருந்து, தெளிவாக, அம்மாவின் குரல்.

“நான் நவமணி பேசுறேன். கிளினிக்ல பதினெட்டு வருஷம் வேலை செஞ்சவ. இந்த மாத்திரை போத்தல்லயே மெங்காண்டோங்னு போட்டிருக்கு. நானே என் கண்ணால படிச்சேன். என் மகளுக்கே குடுக்கறேன். பயப்படாம சாப்பிடுங்கம்மா.”

காமினி மெதுவாக அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

“போன்ல சொன்னதையே ஒரு வாய்ஸா அனுப்புங்க அத்தைன்னு கேட்டேன், ஆசையா அனுப்பினாங்க,” என்றாள் தனுஜா. “நான் பிள்ளைத்தாச்சிங்க குரூப்புல போட்டேன், அவங்களையும் அதுல சேர்த்தேன். அவ்வளவுதானே?”

சீ! மாமியாருக்கு எழுத்துத் தெரியாததைக்கூட விற்றுக் காசாக்க முடியும் என்று கண்டுபிடித்தவள் பூவும் பொட்டுமாக எதிரே நிற்கிறாள். காமினிக்கு அவள் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவள் பெயர் ஷஹீரா. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் கணவரோடு நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்துகிறவள். ஏழாவது வாரம், முதல் குழந்தை. அவள் மடியில் இருந்தது போத்தல் இல்லை. பெயரோ எழுத்தோ இல்லாத பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே அதே எண்ணெய் உருண்டைகள்.

பொட்டலத்தைப் பார்த்ததும் காமினிக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. தெரியாமல் செய்கிறவள் எதற்காகப் போத்தலைத் தவிர்த்துப் பிரித்து விற்க வேண்டும்?

“அக்கா, இதச் சாப்பிடாதீங்க. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது. இதோ, இந்தப் போத்தல் பின்னால படிங்க.”

ஷஹீரா படித்தாள். முகம் ஒரு கணம் மாறியது. உடனே தனுஜாவைப் பார்த்தாள்.

“அது பழைய லேபல்மா,” என்றாள் தனுஜா, தேன் குரலில். “இவங்க என் நாத்தனார். நான் முன்னுக்கு வர்றது இவங்களுக்குப் பிடிக்காது. விடுங்க.”

“நீங்க யாரோ எவரோ,” என்றாள் ஷஹீரா காமினியிடம், பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்தபடி. “அந்தம்மா கிளினிக்ல இருந்தவங்க. சொந்த மகளுக்கே குடுக்கறாங்க. அவங்க பொய் சொல்லுவாங்களா?”

“நான் அவங்க இன்னொரு மகள்.”

“அப்ப அவங்களையே சொல்லச் சொல்லுங்க.”

வெளியேறும்போது வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் காமினி ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தக் கர்ப்பிணிகள் குழுவில் எத்தனை பேர்? பதினொன்று என்றாள் அவள், பெருமையோடு.

* * *

ஆறு மணிக்கு அடுக்குமாடி வீட்டில் விளக்கேற்றியிருந்தது. காமினி போத்தலை மேசை மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு தாளில் இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள்.

“அம்மா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு வா. காலையில நான் பொய் சொன்னேன்.”

நவமணி விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். மேலே ஒரு தடவை. கீழே ஒரு தடவை. கடைசி எழுத்தில் விரல் நின்றுபோயிற்று. காமினி பின்பக்கத்து வரியையும் படித்துச் சொன்னாள். ஷஹீராவை, பொட்டலத்தை, மாடியில் கேட்ட குரலை, எதையும் மறைக்கவில்லை.

ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் நின்றபடி கேட்டாள். பிறகு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

நவமணி கதவின் முன்னால் நின்றாள். “ஜெகா... அம்மா தெரியாமத்தான்டி...”

“என்கிட்ட ஒரு வார்த்தை படிக்கக் குடுத்திருக்கலாம்லம்மா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “வாயத் திற, வாயத் திறன்னு மட்டும் சொன்னியே.”

நவமணி சமையலறைக்குப் போய், மிச்சமிருந்த ஈரலைச் சட்டியோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். “த்தூ, என் கையில தீய வைக்க,” என்று தன் கையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. முகம் முழுக்க அருவருப்பு, அத்தனையும் தன்மேல்.

அம்மாவின் கைப்பேசி அடித்தது. ஹரீஷ். காமினி ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, காமினி அங்க போய் மானத்த வாங்கிட்டாளாம். தனு அழுதுக்கிட்டிருக்கா. நீங்க எதுவும் குரூப்புல சொல்லிடாதீங்க. இத்தன நாள் உழைப்பும்மா.”

“உன் தங்கச்சி கதவச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காடா. அவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நானே தினமும் ஆறு மாத்திரை சாப்பிடுறேன்...”

நவமணி போனை வைத்தாள். “அந்தக் குரூப்புல எல்லாரும் கேட்கிற மாதிரி பேசறது எந்தப் பொத்தான் காமினி?”

“யோசிச்சுக்கோம்மா. ஊரு முழுக்கச் சொல்லும்.”

“சொல்லட்டும். அழுத்து.”

நவமணி கைப்பேசியை வாயருகே கொண்டுபோய்ப் பேசினாள்.

“நான் நவமணி பேசுறேன். நான் கிளினிக்ல வேலை செஞ்சது நிஜம். கூட்டித் துடைக்கிற வேலை. எனக்குச் சரியாப் படிக்கத் தெரியாது. போத்தல்ல போட்டிருந்தத நான் தப்பாப் படிச்சிட்டேன். அது பிள்ளைத்தாச்சிக்கு ஆகாத மாத்திரை. என் மகளுக்கும் குடுத்துட்டேன். நீங்க யாரும் சாப்பிடாதீங்கம்மா. நாளைக்கே டாக்டரப் பாருங்க.”

செய்தி போயிற்று. யார் யார் கேட்டார்கள் என்று காமினி திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று. மூன்று. ஐந்து. ஏழாவது பெயர் வந்தபோது செய்தியே மறைந்துபோயிற்று. குழுவை நடத்துகிறவர் நீக்கிவிட்டார் என்று ஒரு வரி. அடுத்த நொடி, தனுஜா உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார் என்று இன்னொரு வரி.

“என்ன போட்டிருக்கு? படி,” என்றாள் நவமணி.

காமினி படித்துச் சொன்னாள். கேட்டது ஏழு பேர். கேட்காதது நான்கு பேர். அந்த நான்கில் ஷஹீராவும் ஒருத்தி.

நவமணி கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்டியிருந்த அறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். அருகே போகவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

“சூலியா ஸ்ட்ரீட்டுக்கு. அந்தப் பொண்ணோட கடைக்கு. மத்த மூணு பேரையும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அவ உன்னத் திட்டினா?”

“திட்டட்டும். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் அவ அடுத்த மாத்திரையப் போட்டுக்குவா,” என்றாள் நவமணி. “காடிச் சாவிய எடு, நீ ஓட்டு.”